யார் உள்ளே வரலாம், யார் முன்னால் போகலாம்? வீட்டு ரவுட்டரின் இரண்டு பக்கங்களுக்குள் இருக்கும் ஐம்பது வருட வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டியோடு ஆறுதலாக வாசியுங்கள்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் சூமுக்கு மாறியதிலிருந்து எங்களைப் போன்ற ஆசிரியர்களிடம் பெற்றோர் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்வி ஒன்று உண்டு. "சேர், மகள்ட கிளாஸ் நடக்கக்குள்ள மகன் கேம் டவுன்லோட் போட்டா சத்தம் விட்டு விட்டு வருது. ரவுட்டர்ல என்னத்த மாத்தணும்?" கொஞ்சம் விஷயம் தெரிந்த பிள்ளைகள் கேட்பது வேறு. "கேமுக்கு இந்தப் போர்ட்டைத் திறக்கச் சொல்றாங்க சேர், திறந்தா ஏதும் பிரச்சினையா?"

ரவுட்டரின் 'அட்வான்ஸ்ட்' பகுதிக்குள் போனால் இந்த இரண்டு கேள்விகளுக்கும் இரண்டு பக்கங்கள் இருக்கும். ஒன்று போர்ட் போர்வர்டிங். வெளியிலிருந்து யார் உள்ளே வரலாம் என்பதை அது தீர்மானிக்கிறது. மற்றது கியூ.ஓ.எஸ். நெரிசல் வந்தால் யார் முதலில் போகலாம் என்பதை அது தீர்மானிக்கிறது. எந்தப் பெட்டியில் எதை எழுதுவது என்று சொல்லித்தரும் வீடியோக்கள் ஏராளம். அந்தப் பெட்டிகள் ஏன் அங்கே வந்தன என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. அது தெரிந்தால் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதும் தானாக விளங்கிவிடும்.

முதலில் கதவுகள்.

புறக்கோட்டையில் ஒரு பெரிய கடைத்தொகுதியை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டடத்துக்கு ஒரே முகவரி. உள்ளே துணிக்கடை ஓர் இலக்கம், மணிக்கூட்டுக் கடை இன்னோர் இலக்கம். இணையத்தில் ஐ.பி. முகவரி என்பது கட்டடம், போர்ட் என்பது கடை இலக்கம். ஓர் இணையத்தளத்துக்குப் போகும்போது 80 அல்லது 443ஆம் கதவைத் தட்டுகிறோம். மின்னஞ்சல் சேவையகங்கள் ஒன்றுக்கொன்று 25ஆம் கதவில் கடிதம் கொடுக்கின்றன. இலக்கம் எழுத 16 பிட் இடம் ஒதுக்கப்பட்டிருப்பதால் 0 முதல் 65535 வரை கதவுகள் உண்டு.

இந்த இலக்கங்களை யார் கொடுத்தார்கள்? 1969இல் தொடங்கிய அமெரிக்காவின் அர்பாநெட் வலையமைப்பில் ஆரம்பத்தில் பொதுவான ஒழுங்கு இருக்கவில்லை. 1972 மே மாதம், கலிபோர்னியாவில் பட்டப்பின் படிப்பு மாணவராக இருந்த ஜோன் பொஸ்டல் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். ஆர்.எஃப்.சி. 349 என்பது அதன் இலக்கம். இந்த எண்களைப் பகிர்ந்து கொடுக்க ஒரு 'ஸார்' வேண்டும் என்று சொல்லி, அடைப்புக்குள் 'நானா?' என்று அரை விளையாட்டாகக் கேட்டிருந்தார். யாரும் மறுக்கவில்லை. 1998 ஒக்டோபரில் தனது 55ஆவது வயதில் இறக்கும்வரை அந்தப் பதிவேட்டை அவர்தான் பார்த்துக்கொண்டார். எங்கள் நாட்டின் '.எல்கே' என்ற பெயர் இணையத்தின் பட்டியலில் ஏறிய 1990ஆம் ஆண்டிலும் அந்தப் பொறுப்பு அவருடைய அலுவலகத்திடம்தான் இருந்தது.

பழைய இலக்கங்களைப் பாருங்கள். 21, 23, 25. எல்லாமே ஒற்றை எண்கள். காரணம் இதுதான். அர்பாநெட்டின் முதல் நெறிமுறையில் ஓர் இணைப்பில் தகவல் ஒரு திசையில்தான் போகும். பேசவும் கேட்கவும் இரண்டு இணைப்புகள் வேண்டும். அதனால் ஒற்றையும் இரட்டையுமாக ஒரு சோடி எண்கள் ஒதுக்கப்பட்டன. 1983 ஜனவரி 1இல் டி.சி.பி.க்கு மாறியபோது ஒரே இணைப்பில் இரு திசையும் போகலாம் என்றானது. ஆனால் பழைய ஒற்றை எண்கள் அப்படியே தங்கிவிட்டன.

அந்த உலகம் எவ்வளவு நம்பிக்கையில் ஓடியது என்பதற்கு ஓர் உதாரணம். 1995இல் டாட்டு இலோனன் என்ற பின்லாந்து ஆய்வாளர், மறைகுறியாக்கப்பட்ட இணைப்புக்காக எஸ்.எஸ்.எச். என்ற மென்பொருளை எழுதினார். அவர் மாற்ற நினைத்தவை 23இல் இருந்த டெல்நெட்டும் 21இல் இருந்த எஃப்.டி.பி.யும் போன்றவை. நடுவில் 22 காலி. 'எனக்குத் தர முடியுமா' என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். பொஸ்டலோடு பணியாற்றிய ஜோய்ஸ் ரெனோல்ட்ஸிடமிருந்து மறுநாளே பதில் வந்துவிட்டது: 22 உங்களுக்கு. கட்டணம் இல்லை, விண்ணப்பப் படிவம் இல்லை. நாங்கள் அமானிதம் என்று சொல்வோமே, அப்படித்தான் அந்தப் பதிவேடு பேணப்பட்டது.

ஆனால் அதே வருடங்களில் வேறொரு பிரச்சினை முற்றிக்கொண்டிருந்தது. ஐ.பி. முகவரிக்கு ஒதுக்கியது 32 பிட் மட்டுமே. அதாவது சுமார் 4.3 பில்லியன் முகவரிகள். உலகில் அன்றிருந்த கணினிகளுக்கு அது தாராளம். ஆனால் 1990களின் தொடக்கத்தில் வளர்ச்சி வேகத்தைக் கணக்கிட்டவர்கள் இது போதாது என்று கண்டார்கள். 1994 மே மாதம் கியல்ட் ஏகெவாங், போல் பிரான்சிஸ் என்ற இருவர் ஆர்.எஃப்.சி. 1631 ஊடாக ஒரு வழியை முன்வைத்தார்கள். ஒரு நிறுவனத்துக்குள் இருக்கும் கணினிகளுக்கு வெளியுலகுக்குத் தெரியாத உள் முகவரிகளைக் கொடுப்பது. வெளியே போகும்போது மட்டும் வாசலில் உண்மையான முகவரியாக மாற்றிவிடுவது. இதன் ஆங்கிலச் சுருக்கம் 'நாட்'. நிரந்தரத் தீர்வு வரும்வரை ஒரு தற்காலிக ஒட்டு என்றுதான் அவர்களே சொன்னார்கள். 1994இலேயே உள் முகவரிகளுக்கென்று சில தொகுதிகள் ஒதுக்கப்பட்டன. உங்கள் ரவுட்டருக்குள் போக நீங்கள் தட்டும் 192.168 என்று தொடங்கும் முகவரி அதில் ஒன்று.

இப்போது போர்ட் போர்வர்டிங் பக்கம் ஏன் வந்தது என்பது புரியும். வீட்டில் பத்துக் கருவிகள், வெளியே ஒரே முகவரி. உள்ளிருந்து ஒருவர் வெளியே போனால் ரவுட்டர் அதைக் குறித்து வைத்து, பதில் வந்ததும் சரியான ஆளிடம் கொடுத்துவிடும். ஆனால் வெளியிலிருந்து ஒருவர் தானாக வந்து கதவைத் தட்டினால் யாரைக் கூப்பிடுவது என்று ரவுட்டருக்குத் தெரியாது. திருப்பி அனுப்பிவிடும். 'இந்த இலக்கக் கதவைத் தட்டினால் இந்தக் கருவியிடம் அனுப்பு' என்று நாம் எழுதிக் கொடுக்கும் சீட்டுத்தான் போர்ட் போர்வர்டிங்.

முகவரிப் பற்றாக்குறைக்காக வந்த ஒட்டு, திட்டமிடாமலே ஒரு சுற்றுமதிலாகவும் ஆகிவிட்டது. வெளியில் உள்ளவர் தானாக உள்ளே வர முடியாது என்பதே பெரிய பாதுகாப்பாயிற்று.

பிறகு அந்த மதிலில் ஓட்டை போடும் வசதியும் வந்தது. சாதாரண மக்களுக்கு இலக்கமெல்லாம் எழுதத் தெரியாதே என்று, கருவிகளே ரவுட்டரிடம் கேட்டுக் கதவைத் திறந்துகொள்ளும் முறையை நிறுவனங்கள் 2000களின் தொடக்கத்தில் கொண்டு வந்தன. அதன் பெயர் யூ.பி.என்.பி. நல்ல நோக்கம்தான். ஆனால் 'நீ யார்' என்று கேட்கும் ஏற்பாடு அதில் இருக்கவில்லை. வீட்டுக்குள் இருக்கும் கருவி என்றால் நம்பிக்கையானதுதான் என்று எடுத்துக்கொண்டார்கள். 2008 நவம்பரில் பரவிய கொன்பிக்கர் வைரஸ், கணினிக்குள் நுழைந்ததும் இதே வழியில் ரவுட்டரிடம் கேட்டுக் கதவைத் திறந்துகொண்டது. 2013 ஜனவரியில் ரெப்பிட்7 என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட ஆய்வில், இந்தச் சேவை உள்வீட்டுக்குள் நிற்காமல் பொது இணையத்துக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்த முகவரிகள் 80 மில்லியனுக்கும் மேல் இருந்தன.

2016இல் உலகமே பார்த்த பாடம் மிராய். தொழிற்சாலையில் போட்ட கடவுச்சொல்லை மாற்றாத கமராக்கள், வீடியோ பதிவுப் பெட்டிகள், ரவுட்டர்கள் ஆகியவற்றைத் தேடி, டெல்நெட்டின் அதே பழைய 23ஆம் கதவையும் 2323ஐயும் தட்டிக்கொண்டே போனது அந்த நிரல். கையில் வைத்திருந்தது 60 சொச்சம் பெயர்-கடவுச்சொல் சோடிகள் மட்டுமே. அப்படிப் பிடித்த கருவிப் படையைக் கொண்டு ஒக்டோபர் 21இல் டைன் என்ற நிறுவனத்தின் பெயர்ச் சேவையைத் தாக்கியபோது டுவிட்டர், நெட்பிளிக்ஸ், ரெடிட் எல்லாம் பலருக்கு மணிக்கணக்கில் கிடைக்கவில்லை. மிராயை எழுதியவர்கள் பெரிய உளவு அமைப்பு ஒன்றும் அல்ல. இளைஞர்கள் மூவர். மைன்கிராப்ட் விளையாட்டுச் சேவையகங்களைச் சுற்றிய போட்டியில் தொடங்கியவர்கள். 2017இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். தாக்கப் பயன்பட்ட கமராவின் சொந்தக்காரருக்கோ ஒன்றுமே தெரியாது. அவருடைய வீட்டுக் கதவு திறந்து கிடந்ததன் தீங்கு எங்கோ இருந்த இன்னொருவருக்குப் போய்ச் சேர்ந்தது. இதை நான் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்வதுண்டு.

இனி வரிசை.

யார் முதலில் போவது என்ற எண்ணம் இணையத்துக்கு இராணுவத்திடமிருந்து வந்தது. 1960களில் அமெரிக்கப் படைகளுக்கென இருந்த ஓட்டோவொன் தொலைபேசி வலையமைப்பில், கருவியில் வழமையான பொத்தான்களுக்குப் பக்கத்தில் நான்கு மேலதிகப் பொத்தான்கள் இருக்கும். 'பிளாஷ் ஓவர்ரைட்' என்ற உயர்ந்த நிலை ஜனாதிபதிக்கும் மிகச் சில தளபதிகளுக்கும் மட்டும். அதை அழுத்தினால் கீழ்நிலை அழைப்பு நடந்துகொண்டிருந்தாலும் அறுத்துவிட்டு வழி கிடைக்கும். 1981 செப்டெம்பரில் ஐ.பி. நெறிமுறையை வரையறுத்த ஆர்.எஃப்.சி. 791 வந்தபோது, ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் முன்னுரிமைக்கென்று மூன்று பிட் ஒதுக்கினார்கள். எட்டு நிலைகள். அவற்றின் பெயர்களிலும் அதே 'பிளாஷ்', 'பிளாஷ் ஓவர்ரைட்' இருந்தன.

படைக்குள் இது வேலை செய்யும். யார் தளபதி என்று எல்லோருக்கும் தெரியும். திறந்த இணையத்தில்? 2022இல் நாங்கள் பெற்றோல் ஷெட்டில் நின்ற வரிசைகளை நினைத்துப் பாருங்கள். 'அத்தியாவசிய சேவை' என்ற ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே அச்சடித்து ஒட்டிக்கொள்ளலாம் என்று இருந்திருந்தால் வரிசை என்ன ஆகியிருக்கும்? பொதியில் முன்னுரிமையை எழுதுவது அனுப்புபவரின் கணினிதான். யாரும் எதையும் எழுதலாம். ஆகவே இணையத்தின் பெரும்பகுதி அந்த மூன்று பிட்களைக் கண்டுகொள்ளாமலே விட்டது.

இந்தச் சிக்கலை ஆழமாக யோசித்தவர் போர்ட் ஏரோஸ்பேஸ் நிறுவனத்தில் வேலை செய்த ஜோன் நேகிள். 1984இல் அவர், வலையமைப்பு நெரிசலில் சிக்கிச் சரிந்துவிடும் அபாயம் உண்டு என்று எழுதினார். 1985 டிசம்பரில் வந்த ஆர்.எஃப்.சி. 970இல் ஒரு விசித்திரமான கேள்வியை எடுத்தார். பொதிகளை வரிசையில் வைத்திருக்க எல்லையற்ற நினைவகம் இருந்தால் நெரிசல் தீர்ந்துவிடுமா? தீராது என்று காட்டினார். வரிசை நீண்டுகொண்டே போகும். ஒவ்வொரு பொதிக்கும் ஆயுள் எல்லை உண்டு என்பதால் முறை வருவதற்குள் அவை காலாவதியாகிவிடும். இன்னொன்றையும் சொன்னார். ஒரே பொது வரிசை இருக்கும்வரை அதிகமாகக் கொட்டுபவருக்குத்தான் லாபம். அடக்கமாக நடப்பவர் ஏமாளி. ஆகவே நல்ல நடத்தையை எதிர்பார்ப்பதை விட்டுவிட்டு விதியை மாற்றுங்கள் என்றார். ஒவ்வொரு மூலத்துக்கும் தனி வரிசை. ஒவ்வொன்றிலிருந்தும் முறைக்கு ஒன்றாக எடுப்பது.

கியூ.ஆர். கோட் வந்தபோது எங்களுக்கு நடந்ததும் இதுதான். மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று தொடங்கியது. பங்கு போதவில்லை என்ற முறைப்பாடு இருந்தது. ஆனாலும் முன்னால் போய் நின்று பரலில் நிரப்பினால்தான் கிடைக்கும் என்ற பயம் அடங்கியதும் வரிசையும் சுருங்கியது.

நேகிள் எச்சரித்த சரிவு 1986 ஒக்டோபரில் வந்தது. லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்துக்கும் இடையே சுமார் 400 யார் தூரம். அந்த இணைப்பில் விநாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்தது, 40 பிட்டாக விழுந்தது. வான் ஜேக்கப்சன் காரணத்தைத் தேடி, 1988இல் வெளியிட்ட கட்டுரையில் மருந்தையும் கொடுத்தார். அனுப்பும் கணினி மெல்லத் தொடங்கி வேகத்தைக் கூட்டட்டும். ஒரு பொதி தொலைந்தால் அதை நெரிசலின் செய்தியாக எடுத்து வேகத்தைக் குறைக்கட்டும். இன்றும் உங்கள் தொலைபேசியில் நடக்கும் டவுன்லோட் இந்தச் சிந்தனையின் வழியில்தான் ஓடுகிறது.

1998இல் முன்னுரிமைப் பிட்களுக்கு மறுபிறவி கொடுத்தார்கள். ஆறு பிட், 64 குறியீடுகள். குரல் அழைப்புக்கு வழமையாக 46. ஒரு நிறுவனம் தன் சொந்த வலையமைப்புக்குள் இதை ஒழுங்காக நடத்தலாம். எல்லையைத் தாண்டிப் பொது இணையத்துக்குள் போனால் அந்தக் குறியீட்டுக்கு மதிப்பு நிச்சயமில்லை. அடுத்தவன் ஒட்டிய ஸ்டிக்கரை யார் நம்புவது?

வீட்டு ரவுட்டருக்குள் இந்த வசதி பரவியதற்கு ஒரு சுவையான காரணம் உண்டு. லிங்சிஸ் நிறுவனம் 2002 டிசம்பரில் வெளியிட்ட டபிள்யூ.ஆர்.டி.54ஜி. என்ற நீலக் கறுப்பு ரவுட்டருக்குள் லினக்ஸ் ஓடுவதைச் சிலர் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் உரிமத்தின்படி மூலநிரலைத் தர வேண்டும் என்று கேட்டார்கள். 2003இல் நிறுவனம் கொடுத்தது. அதிலிருந்து 2004இல் ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி. பிறந்தது. விலையுயர்ந்த கருவிகளில் மட்டும் இருந்த போக்குவரத்துக் கட்டுப்பாடு சாதாரண வீடுகளுக்கு வந்தது.

மறுபக்கம் இதே கருவி சேவை வழங்குநரின் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதையும் உலகம் பார்த்தது. 2007இல் அமெரிக்காவின் கொம்காஸ்ட் நிறுவனம் வாடிக்கையாளரின் பிட்டொரென்ட் இணைப்புகளை, மறுமுனை துண்டித்ததுபோல் போலிச் செய்தி அனுப்பி அறுப்பது வெளியானது. 2008 ஓகஸ்டில் அந்நாட்டுத் தொடர்பாடல் ஆணைக்குழு அதை நிறுத்தச் சொன்னது. 2010இல் நீதிமன்றம் ஆணைக்குழுவுக்கு அந்த அதிகாரம் இல்லை என்றது. யார் முன்னால் போவது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்ற அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

இனி மகளின் வகுப்பு ஏன் அறுந்தது என்பதற்கு வருவோம். 2010இல் ஜிம் கெட்டிஸ் என்ற அனுபவமிக்க பொறியியலாளர் தன் வீட்டிலிருந்து ஒரு கோப்பை அனுப்பும்போது, சாதாரணமாக மில்லி விநாடிகளில் வரும் பதில் ஒரு விநாடிக்கும் மேல் எடுப்பதைக் கவனித்தார். தோண்டிப் பார்த்தார். நினைவகம் மலிவானதால் மோடம், ரவுட்டர் தயாரிப்பவர்கள் ஒரு பொதிகூடத் தொலையக்கூடாது என்று பெரிய பெரிய வரிசைகளை உள்ளே வைத்திருந்தார்கள். பொதி தொலைந்தால்தானே ஜேக்கப்சனின் மருந்து வேலை செய்யும்? தொலையாததால் அனுப்புபவர் வேகத்தைக் குறைக்கவில்லை. வரிசை நிரம்பி வழிந்தது. அந்தப் பெரிய வரிசையின் கடைசியில்தான் உங்கள் மகளின் குரலும் நிற்கிறது. கெட்டிஸ் இதற்கு 'பஃபர்புளோட்' என்று பெயர் வைத்தார். நேகிள் 25 வருடங்களுக்கு முன் எழுதிய அதே எல்லையற்ற வரிசை, எங்கள் வீட்டு மூலையில் மின்விளக்கு மினுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

2012 மே மாதம் கத்லீன் நிக்கல்ஸும் அதே வான் ஜேக்கப்சனும் 'கொடெல்' என்ற முறையை வெளியிட்டார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று பார்ப்பதை விட்டு, ஒரு பொதி எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்ப்பது. 5 மில்லி விநாடிக்கு மேற்பட்ட காத்திருப்பு 100 மில்லி விநாடி நேரத்துக்குக் குறையாமல் நீடித்தால் பொதியை விழுத்திவிடுவது. அனுப்புபவருக்குச் செய்தி போய்விடும். அதே வருடம் எரிக் துமாஸே இதை நேகிளின் தனித்தனி வரிசை முறையோடு சேர்த்து லினக்ஸில் எழுதினார். டேவ் டாட் போன்றவர்கள் இதை உலகம் முழுக்கக் கொண்டுபோக வருடக்கணக்கில் உழைத்தார்கள். அவர் 2025 ஏப்ரலில் காலமானார். 2018இல் இது ஆர்.எஃப்.சி. 8290 ஆனது.

இதில் என்னை மிகவும் கவர்வது ஒன்று. இந்த முறையில் யாரும் தன்னை முக்கியமானவர் என்று அறிவிக்கத் தேவையில்லை. கொஞ்சமாக அனுப்பும் இணைப்பு தானாகவே விரைவாகப் போகிறது. நிறைய அனுப்பும் இணைப்பு தன் வரிசையிலேயே காத்திருக்கிறது. சூம் வகுப்பின் குரல் கொஞ்சம்தான் கேட்கிறது. கேம் டவுன்லோட் மலையாகக் கேட்கிறது. டவுன்லோட் நிற்பதில்லை, அதற்குரிய பங்கு அதற்கும் கிடைக்கிறது. எட்டு நிலை, 64 குறியீடு என்று பதவி பிரித்துச் செய்ய முயன்றதை, நீதமாக முறை வைத்ததன் மூலம் சாதித்தார்கள்.

வேறொரு மாற்றத்தையும் சொல்லியாக வேண்டும். 2011 பெப்ரவரி 3இல் உலக மையக் கையிருப்பிலிருந்த முகவரிகள் முடிந்தன. இலங்கையும் அடங்கும் ஆசிய பசிபிக் பிராந்தியம் ஏப்ரல் 15இல் தன் கடைசித் தொகுதியைத் தொட்டது. அடுத்த வருடம் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் சேவை வழங்குநர்களின் பொது 'நாட்'டுக்கென ஒதுக்கப்பட்டன. அதாவது உங்கள் வீட்டு வாசலுக்கு வெளியே நிறுவனத்தின் இன்னொரு வாசல். அப்படிப்பட்ட இணைப்பில் நீங்கள் ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் வெளியாள் அங்கே வந்து சேரமாட்டார். 'எல்லாம் சரியாப் போட்டேன் சேர், வேலை செய்யுதில்ல' என்று வரும் பிள்ளைகளில் பலருக்கு இதுதான் காரணம். நிரந்தரத் தீர்வான ஐ.பி.வி.6 1995இலேயே எழுதப்பட்டுவிட்டது. தற்காலிக ஒட்டுத்தான் முப்பது வருடமாகத் தாங்குகிறது.

ஆகவே கேட்டவர்களுக்குச் சுருக்கமாக:

ரவுட்டரின் வெளி முகவரி மேலே சொன்ன வரம்புக்குள் இருந்தால் போர்ட் போர்வர்டிங்கில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். இல்லையென்றால், தேவையான ஒரே இலக்கத்தை, தேவையான ஒரே கருவிக்கு, தேவைப்படும் காலத்துக்கு மட்டும் திறவுங்கள். கமராவுக்காக ஒருபோதும் திறக்காதீர்கள். யூ.பி.என்.பி. இல்லாமல் எல்லாம் ஓடுகிறதென்றால் அதை நிறுத்திவிடுங்கள். தொழிற்சாலைக் கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள்.

கியூ.ஓ.எஸ். பக்கத்தில் 'எஃப்.கியூ. கொடெல்', 'கேக்' அல்லது 'எஸ்.கியூ.எம்.' என்று ஏதாவது இருந்தால் அதைத் தெரிவு செய்து, அளந்து பார்த்த வேகத்தில் 85 முதல் 90 வீதத்தை எல்லையாகப் போடுங்கள். அப்போதுதான் வரிசை மோடத்துக்குள் ஒளியாமல் உங்கள் கட்டுப்பாட்டில் உருவாகும். அப்லோடுக்கும் போட மறக்க வேண்டாம். வகுப்பு அறுவது பெரும்பாலும் அங்கேதான். அந்த வசதி இல்லாத ரவுட்டர் என்றால் டவுன்லோடை இரவுக்கு வைக்குமாறு மகனிடம் சொல்லுங்கள். வீட்டில் இருக்கிற எல்லோரையும் 'உயர் முன்னுரிமை'யில் போட்டுவிடாதீர்கள். எல்லோருக்கும் ஸ்டிக்கர் ஒட்டினால் ஸ்டிக்கரே இல்லாத மாதிரித்தான்.

பிரயோசனமாக இருந்தால், பிள்ளைகள் ஒன்லைனில் படிக்கும் வீடுகளுக்கு அனுப்பிவிடுங்கள்.